மண்டபம் கட்டியவன் யார்?

உயர்தர வகுப்பில் பாரதியின் பாஞ்சாலி சபதத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "தருமன் ஆடியது குற்றம், சகுனி வஞ்சித்தது குற்றம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், சேர். அந்த மண்டபத்தைக் கட்டிய காசு யாருடையது?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியிலே சிரிப்பு அடங்கிவிட, கேள்வி மாத்திரம் நம்முடன் நடந்து வந்தது.

காவியத்தின் அமைப்பை மீண்டும் நோக்கினோம். முதற் சருக்கத்தின் பெயர் அழைப்பு. சூதாட்டம் அதற்கு அடுத்ததே. அத்தினபுரத்திலே அரச ஆணையால் மண்டபம் எழுகின்றது. அதன் எழிலைக் காண வருமாறு அண்டை நாடாகிய இந்திரப்பிரத்தத்துக்கு விதுரன் தூது செல்கின்றான். எல்லை கடந்து விருந்தினன் வருகின்றான். வந்தவன் நாடும் தம்பியரும் தானும் மனைவியும் ஆகிய யாவும் இழக்கின்றான். சகுனியின் காய் உருள்வதற்கு நெடுநாள் முன்னரே, அரசு மண்டபத்துக்குக் கால்கோள் செய்த அன்றே, ஆட்டம் தொடங்கிவிட்டது. இதனை நம் உரையாசிரியரும் விமரிசகரும் போதிய அளவு கவனித்தாரல்லர். நாமும் பல ஆண்டுகள் கவனியாமலே கற்பித்து வந்தோம்.

நம்முடைய மரபு சூதாடியை நோக்கியே பேசுவது. வள்ளுவர் 'சூது' என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலிலே வைத்தார்; ஆள்வோன் அதில் வீழ்ந்தால் நாடு கெடும் என்பது கருத்து. ஆனால் ஆள்வோனே சூதுக்களத்தை நடத்தினால் என் செய்வது என்ற வினாவை அறநூல்கள் எழுப்பவில்லை. வடமொழிப் பொருள்நூலான அர்த்தசாத்திரம் அதனைக் கூச்சமின்றிப் பேசுகின்றது. சூதுக்கென ஓர் அதிகாரி, ஆடுவதற்கு ஓரிடம், வென்றதில் நூற்றுக்கு 5 பங்கு அரசுக்கு என்று அது விதிக்கின்றது. அறநூல் மௌனித்த இடத்திலே கருவூலம் வாய் திறந்தது எனலாம்.

அக்கருவூலத்தின் குரல் இன்று மிக உரத்து ஒலிக்கும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளாகும். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் எல்லையோரத்தில் கசினோக்களைக் கட்டி, அயல் மாநிலத்துச் சூதாடிகளைத் தம்பால் இழுக்கப் போட்டியிட்டு வந்துள்ளன. கடந்த அரை நூற்றாண்டின் இவ்வரலாற்றை ஓர் அழைப்புச் சருக்கமாகப் படிப்பதே நம் நோக்கம். சூதாடியின் ஒழுக்கத்தை மட்டும் ஆராயும் இலக்கியப் பார்வை எவ்வளவு குறையுடையது என்பது அதனாற் புலப்படும்.

நியூ ஜேர்சி மாநிலத்தின் கடற்கரை நகரம் அற்லான்டிக் சிற்றி. பிலதெல்பியாவிலும் நியூயோர்க்கிலும் உழைத்த மக்கள் கோடையைக் கழிக்க ரயிலேறி வந்த ஊர் அது. விமானப் பயணம் பரவியதும் அவர்கள் வேறு கரைகளை நாடினர், விடுதிகள் பாழடைந்தன. 1974இல் மாநிலமெங்கும் கசினோக்களை அனுமதிக்கும் யோசனை வாக்கெடுப்பிற்கு வந்தபோது மக்கள் அதனை நிராகரித்தனர். 1976இல் அதே யோசனை வேறு உடை தரித்து வந்தது. கசினோ இந்த ஒரு நகரில் மாத்திரமே இருக்கும். அதன் வரி முதியோருக்கும் இயலாதோருக்கும் செல்லும் என்றனர். மக்கள் இசைந்தனர். 1978 மே மாதத்தில் முதல் மண்டபம் திறந்தது. நெவாடா மாநிலத்துக்கு வெளியே சட்டம் அனுமதித்த முதலாவது கசினோ அதுவே.

இத்திட்டத்தின் உட்கிடையை நாம் தெளிவாகக் காண வேண்டும். வரியைச் செலுத்தப்போகின்றவன் அயலான். பயனைத் துய்க்கப்போகின்றவன் உள்ளூரான். பென்சில்வேனியாவின் தொழிலாளி இழக்கும் டொலரிலே நியூ ஜேர்சியின் முதியவருக்கு மருந்து கிடைக்கும். செல்வரிடம் வரி கேட்க அஞ்சும் அரசுக்கு இதனினும் இனிய வழி ஏது? ஆனால் அயலானுக்கும் ஓர் அரசு உண்டு. அவ்வரசுக்கும் ஒரு வெற்றுக் கருவூலம் உண்டு.

அயலரசு விழித்துக்கொண்டால் நடப்பது என்ன என்பதை அறிய, கடற்கரையை விட்டுச் சற்று உள்நாட்டுக்குச் செல்வோம். மிசிசிப்பி ஆற்றின் மேற்கரையில் அயோவா, கீழ்க்கரையில் இலினோய். அயோவா 1991 ஏப்ரலில் ஆற்றுக் கப்பல்களிலே சூதாட்டத்தைத் தொடங்கியது. மக்கள் பாழாகாதிருக்க அதன் சட்டம் இரு வேலிகளை இட்டிருந்தது: ஒரு பந்தயத்துக்கு 5 டொலருக்கு மேல் வைக்கலாகாது, ஒரு பயணத்தில் 200 டொலருக்கு மேல் ஒருவர் இழக்கலாகாது. அதே ஆண்டு செப்ரெம்பரில் இலினோய் அத்தகைய எல்லை எதுவுமின்றித் தன் கப்பல்களை மிதக்கவிட்டது. 1992இல் அயோவாவின் சில கப்பல்கள் ஆற்றோடு கீழே சென்று மிசிசிப்பி மாநிலத்தை அடைந்தன. 1994இல் அயோவா தன் இரு வேலிகளையும் தானே பிடுங்கி எறிந்தது.

அயோவாவின் சட்டசபை உறுப்பினர் மூன்றாண்டுகளில் நெஞ்சில் ஈரமற்றோராகிவிட்டனரா? அவ்வாறு நாம் கருதவில்லை. அவர்கள் இட்ட வேலி நல்லெண்ணத்தால் எழுந்தது. அதனைத் தகர்த்தது போட்டி. மக்களைக் காக்கும் ஒவ்வொரு விதியும் எல்லைக்கு அப்பால் உள்ள முதலாளிக்கு வாய்ப்பாகவே மாறுகின்றது. தனி மனிதரின் நல்லெண்ணத்தை அமைப்பின் விதி வென்றுவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான பாடத்தை நாம் கண்டதில்லை.

இப்பாடம் கிழக்குக் கரையில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டது. 1988இல் இயற்றப்பட்ட பழங்குடி மக்களின் சூதாட்டம் பற்றிய கூட்டாட்சிச் சட்டத்தை அடுத்து, கனெக்டிகட்டில் பீக்குவட் குடியினர் 1992இல் பொக்ஸ்வூட்ஸ் என்னும் பெருங் கசினோவைத் திறந்தனர். 1996இல் மொஹீகன் குடியினரும் அவ்வாறே செய்தனர். டெலவெயர் 1995இன் இறுதியிலே தன் குதிரைப் பந்தயத் திடல்களில் சூதாட்டப் பொறிகளை வைத்தது. பென்சில்வேனியா 2004இல் 61,000 பொறிகள் வரை வைக்க இடமளிக்கும் சட்டத்தை இயற்றியது; பொறிகளின் வருவாயிலே பாதிக்கு மேல் வரியாகும் என்றும், அதனால் வீட்டு வரி குறையும் என்றும் மக்களுக்கு உறுதி கூறப்பட்டது. 2006இல் அங்கு முதல் மண்டபம் திறந்தது. மேரிலாந்து 2010இல் வந்து சேர்ந்தது. நியூயோர்க் நகரம் 2011இல். ஒவ்வொரு அரசும் கூறிய நியாயம் ஒன்றே: நம்முடைய காசு அயல் மாநிலத்துக்குப் போகின்றது, அதனை நம்மிடமே நிறுத்துவோம்.

இந்த நியாயத்திலே ஒரு மாற்றம் ஒளிந்திருக்கிறது. முதலில் அயலானின் காசைப் பறிப்பதாகக் கூறினர். பின்னர் நம்மவனின் காசை நாமே பறிப்போம் என்றனர். அயலானுக்கென விரித்த வலையிலே தன் குடிமகனே சிக்குகின்றான்; அதனையும் அரசு தன் வெற்றியாகக் கணக்கெழுதுகின்றது.

பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்றொரு நகரம் உண்டு. அந்நகரின் பெயரைத் தாங்கிய உருக்குக் கம்பனி அமெரிக்காவின் பாலங்களுக்கும் வானளாவிய கட்டடங்களுக்கும் இரும்பு வார்த்தது. 1995இல் அங்கே உலைகள் அணைந்தன. 2001இல் கம்பனி முறிந்தது. அந்த ஆலை நின்ற நிலத்திலேயே 2009இல் கசினோ எழுந்தது. அணைந்த உலைகள் இன்றும் அருகே நிற்கின்றன. தந்தை உருக்கு வார்த்த இடத்திலே மகன் சீட்டுப் பகிர்கின்றான். உற்பத்தி செய்த நிலம், உற்பத்தியற்ற கைமாற்றின் களமாயிற்று. அங்கு ஒருவன் பெறுவது மற்றொருவன் இழந்ததே. புதிதாக ஓர் ஆணிதானும் பிறப்பதில்லை.

அம்மண்டபங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தவை பஸ் வண்டிகள். நியூயோர்க்கின் சீனர் குடியிருப்புகளிலிருந்து அவை நாள்தோறும் புறப்பட்டன. ஏறுவோருக்குக் கசினோ இலவச ஆட்டச் சீட்டு வழங்கும். ஓய்வூதியம் போதாத முதியோர் சிலர் அச்சீட்டைப் பிறருக்கு விற்று, அந்தச் சிறு தொகைக்காக நாள் முழுவதும் மண்டபத்தின் ஓரங்களிலே பொழுதைக் கழித்துத் திரும்பினர். சூதாடாமலே சூதுக்களத்தில் பிழைத்த இவர்களை எந்த அறநூல் எவ்வாறு கண்டிக்கும்? 2011 மார்ச் 12ஆந் திகதி விடியற்காலை, கனெக்டிகட்டின் மொஹீகன் சன் கசினோவிலிருந்து மன்ஹற்றன் சீனர் பகுதிக்குத் திரும்பிய பஸ் வண்டியொன்று நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதியிலே கவிழ்ந்தது. 15 பேர் மாண்டனர். மாநில எல்லைகளுக்கிடையே நடக்கும் போட்டி என்று நாம் ஏட்டில் எழுதுவது, சாலையிலே இவ்வாறு உடல்களாகக் கிடந்தது.

ஒவ்வொரு எல்லையிலும் மண்டபம் எழுந்தபின் முதல் மண்டபத்தின் கதி யாது? அற்லான்டிக் சிற்றியின் கசினோக்கள் 2006இல் ஈட்டிய வருவாய் 520 கோடி டொலர். 2014இல் அது சுமார் 270 கோடியாகச் சுருங்கிற்று. அவ்வொரு ஆண்டில் மாத்திரம் 12 கசினோக்களில் 4 மூடப்பட்டன. சுமார் 8,000 பேர் வேலையிழந்தனர். அவற்றுள் ஒன்றாகிய றெவெல் 240 கோடி டொலர்ச் செலவில் எழுந்து, 2012இல் திறந்து, 2014இல் மூடி, 2015இல் 8 கோடி 20 இலட்சம் டொலருக்கு விலைபோனது. டெலவெயர் அரசோ, 2013இல் 80 இலட்சம் டொலரைத் தன் கசினோக்களுக்கே உதவியாக அளித்தது. கருவூலத்தை நிரப்ப வந்த மண்டபத்துக்குக் கருவூலமே கஞ்சி வார்க்க நேர்ந்தது!

உழைப்பாளர் சும்மா இருந்தாரல்லர். தாஜ்மகால் என்று பெயர் சூட்டப்பட்ட கசினோவிலே நோய்க்காப்புறுதியும் ஓய்வூதியமும் பறிக்கப்பட்டதை எதிர்த்து, சமையலாளரும் பரிமாறுவோரும் அறை துப்புரவு செய்வோரும் 2016 யூலை முதலாந் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போதைய உரிமையாளர் பெருஞ்செல்வர் கார்ல் ஐகான். அவர் விட்டுக்கொடுப்பதை விடுத்து, ஒக்டோபரில் மண்டபத்தையே மூடினார். ஏறத்தாழ 3,000 பேர் வேலையிழந்தனர். அடுத்த மாதம் நகரத்தின் நிருவாகத்தை மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. மும்தாஜின் கல்லறைக்கு இட்ட பெயர் இங்கே தொழிலாளரின் வேலைக்குக் கல்லறையாயிற்று.

மறுதரப்பின் வாதத்தை மறைப்பது நேர்மையன்று. கசினோ வேலை தந்தது உண்மை. தொழிற்சங்கத்தின் பலத்தால், கல்லூரி காணாத பெண்களும் குடியேறி வந்தோரும் அற்லான்டிக் சிற்றியிலே வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிப்பித்ததும் உண்மை. மூடிய மண்டபங்களுள் இரண்டு 2018இல் புதுப் பெயருடன் மீண்டும் திறந்தன. நிலத்தையும் வாழ்வையும் பறிகொடுத்த பழங்குடியினர் தம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இவ்வழியிற் பணம் தேடியதைக் குறைகூறும் உரிமை, பறித்தவரின் வழியினருக்கு இல்லை. நாம் கேட்பது வேறு. இவ்வேலைகளை வேறு தொழிலால் தர இயலாத பொருளாதாரம் எத்தகையது? அப்பழங்குடியினருக்கு நீதி வழங்க வேறு வழி அறியாத அரசு எத்தகையது? மேலும், கனெக்டிகட்டின் குடிகளையும் போட்டி விட்டுவைக்கவில்லை. 2018 ஓகஸ்ட்டில் எல்லைக்கு அப்பால் மசச்சூசெற்ஸின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே பெருங் கம்பனி ஒன்று மண்டபம் திறந்தது. அதனை எதிர்கொள்ளப் பகைத்திருந்த இரு குடிகளும் ஒன்றுகூடி எல்லையருகே மூன்றாவது மண்டபம் கட்டத் திட்டமிட்டன. வழக்குகளின் பின் அது கட்டப்படாமலே நின்றது.

இக்கதை புதியதன்று, இலக்கியம் இதனை ஒருமுறை கண்டிருக்கிறது. தொஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி' என்ற நாவல் 1866இல் 26 நாட்களிற் சொல்லி எழுதுவிக்கப்பட்டது. வெளியீட்டாளனுக்குக் கட்டுப்பட்டுக் கடனில் மூழ்கியிருந்த ஆசிரியர், தாமே ஜேர்மனியின் சூதுக்களங்களிற் பணமிழந்தவர். இந்நாவலை நம் விமரிசகர் ஆன்மாவின் வேட்கையைக் காட்டும் நூலென்றே பேசுவர். அது பிழையன்று, ஆனால் போதாது. நாவல் நடக்கும் கற்பனை நகரத்தின் பெயரே ரூலெற்றை வைத்துப் புனையப்பட்டது. அங்கே ஆடித் தோற்கும் உருசிய மூதாட்டியும், அவள் இறந்தால் கிடைக்கும் சொத்துக்காகக் காத்திருக்கும் ஜெனரலும், சுற்றி நிற்கும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போலந்தினரும் எல்லாரும் அயலார். இது தற்செயலா?

அன்று. 1837இன் இறுதியோடு பிரான்சு தன் சூதாட்ட மனைகளை மூடிற்று. முதலாளிகள் எல்லை கடந்தனர். அந்நாளைய ஜேர்மனி பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. பாடனும் ஹொம்பர்க்கும் விஸ்பாடனும் வருவாய் தேடி அவர்களுக்கு இடமளித்து, ஒன்றோடொன்று போட்டியிட்டன. ஹொம்பர்க்கிலே பிளாங் சகோதரர் ரூலெற் சக்கரத்திலிருந்த இரு சுழிகளில் ஒன்றை நீக்கி, பிற ஊர்களின் ஆட்டக்காரரைத் தம்பால் இழுத்தனர். மூதாட்டி அச்சக்கரத்தின் முன் அமர்வதற்கு முன்பே அரசும் முதலாளியும் ஒப்பந்தம் எழுதிவிட்டனர். தொஸ்தயேவ்ஸ்கி அச்சக்கரத்தின் முன் துடிக்கும் மனத்தை ஒப்பற்ற ஆற்றலுடன் தீட்டினார்; சக்கரத்தை அங்கே நிறுத்தியவரை அவர் பின்னணியிலேயே விட்டுவிட்டார்.

அச்சக்கரங்கள் பின்னர் நின்றவாறு நம் கருத்துக்குரியது. சூதாடிகள் திருந்தியதால் அவை நிற்கவில்லை. சிற்றரசுகளுக்கு மேலானதொரு சட்டம் 1868இல் பிறந்து, 1872இன் இறுதியில் யாவற்றையும் ஒருங்கே மூடியது. போட்டியிடும் எல்லைகளுக்கு மேல் ஒரு பொது விதி வந்தபோதே போட்டி முடிந்தது. பிளாங் அதற்கு முன்னரே மொனாக்கோவுக்குப் பெயர்ந்திருந்தார். அந்நாடு தன் குடிமக்கள் அம்மண்டபத்தில் ஆடுவதைத் தடை செய்திருக்கின்றது. தனக்கு நஞ்சென்று அறிந்ததையே அயலானுக்கு விருந்தாக இடும் நீதி அது.

இன்றைய மண்டபத்திலோ ரூலெற்றினும் பொறிகளே மிகுதி. வட்டாரக் கசினோக்களின் வருவாயிற் பெரும்பகுதி அவற்றிலிருந்தே பிறக்கின்றது. அமெரிக்க மானிடவியலாளர் நட்டாஷா டவ் ஷூல் லாஸ் வேகாஸ் நகரிலே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் முக்கியமானது. பொறியின் வேகமும் ஒளியும் ஒலியும், இருக்கையின் அமைப்புங்கூட, ஆடுபவர் எழுந்து செல்லாதிருக்கவே கணக்கிட்டு வகுக்கப்பட்டவை என்பதை அவர் விரிவாகக் காட்டினார். ஆடுபவர் பலர் வெல்வதற்காக ஆடவில்லை. உலகை மறந்து அப்பொறியோடு ஒன்றியிருக்கவே ஆடுகின்றனர் என்கிறார். தொஸ்தயேவ்ஸ்கி விட்ட இடத்தை நிரப்பும் நூல் இது. எனினும், பொறி அமைத்தவனோடு அது பெரிதும் நின்றுவிடுகின்றது. பொறிக்கு உரிமம் அளித்து வரி கொண்ட அரசை நோக்கி இன்னும் ஓரடி வைத்திருக்கலாம் என்பது நம் குறை.

நம் எழுத்தாளரிடம் நாம் வேண்டுவதும் அதுவே. நம் சிறுகதைகளில் வரும் சூதாடியை நாம் அறிவோம். அவன் மனைவியின் தாலியை விற்பான். பிள்ளை பசியால் அழும். இறுதிப் பக்கத்திலே அவன் திருந்துவான், அல்லது தூக்கிலே தொங்குவான். வாசகர் கண்ணீர் விட்டுப் புத்தகத்தை மூடுவர்; மண்டபமோ மூடப்படாமல் நிற்கும். அத்தகைய கதைகள் பொய்யல்ல. அவை பாதி உண்மை. மறுபாதி, மண்டபத்தின் கணக்குப் புத்தகத்திலும் அரசின் வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கின்றது.

இவ்வினா நமக்கு அந்நியமானதன்று. கொழும்பிலே 2025 ஓகஸ்ட்டில் பெருங் கசினோ ஒன்று திறந்தது. அது எதிர்நோக்கும் விருந்தினருள் முதன்மையானோர் இந்தியர். அதே இந்தியரையே கோவாவும் சிக்கிமும் நேபாளமும் அழைக்கின்றன. உள்நாட்டார் நுழைவதற்கு இங்கே டொலரில் வரி விதிக்கப்பட்டிருக்கின்றது. நம்மவரைக் காக்கும் வேலி அது என்பர். அயோவாவின் 5 டொலர் வேலியை வாசகர் இங்கே நினைவுகூர வேண்டும். அயலான் வேறொரு மண்டபத்தை நாடும் நாள் வரின், அவ்வேலி எத்தனை நாள் நிற்கும்? அமெரிக்காவிலோ எல்லை கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. நியூ ஜேர்சி மேன்முறையீடு செய்த வழக்கில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்பின், மாநிலத்துக்கு மாநிலம் விளையாட்டுப் பந்தயத்துக்குக் கதவு திறந்தது. இனிப் பஸ் வண்டியும் தேவையில்லை. மண்டபமே படுக்கையறைக்கு வருகின்றது.

ஆயினும் மக்கள் என்றும் ஏமாறுவோரல்லர். 2016 நவம்பரில் நியூயோர்க்கை அண்டிய வட நியூ ஜேர்சியிலும் கசினோக்களைத் திறக்கும் யோசனை வாக்கெடுப்பிற்கு வந்தது. நாற்பதாண்டு அனுபவம் பெற்ற அம்மக்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் வேண்டாம் என்றனர். முதன்முதல் மண்டபத்துக்கு இசைந்த மாநிலமே இன்னொரு மண்டபத்தை மறுத்தது. இந்த அறிவு நீதிநூலால் வந்ததன்று. மூடிய கதவுகளையும் வேலையிழந்த அயலவரையும் கண்டு பெற்றது.

அம்மாணவனின் கேள்விக்கு அடுத்த கிழமை வகுப்பிலே விடை கூறினோம். மண்டபத்தைக் கட்டிய காசு அத்தினபுரத்துக் குடிகளுடையது. வரியாக அவர்கள் கொடுத்தது. பந்தயமாக வைக்கப்பட்டதோ இந்திரப்பிரத்தத்துக் குடிகளின் நாடு. இரு நாட்டுக் குடிகளிடமும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, "அப்படியென்றால் பாஞ்சாலி கேட்ட நியாயத்தை அவர்களும் கேட்டிருக்க வேண்டும், சேர்" என்றான். இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை.